எடுத்த வேலையை இன்னொருவரிடம் கொடுக்கும்போது

கைக்கு மீறி வேலை வந்தால் அதில் ஒரு பகுதியைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்து வாங்குவது ஃப்ரீலான்ஸ் தொழிலில் அன்றாடம் நடப்பது. டிசைன் ஒருவர், கோடிங் ஒருவர், மொழிபெயர்ப்பில் பின்பாதி இன்னொருவர் என்று வேலை பிரியும். பில் மட்டும் ஒருவர் பெயரில் போகும். "இதெல்லாம் சகஜம், யார் கேட்கப் போகிறார்கள்" என்பவர்களும் இருக்கிறார்கள். "இது ஏமாற்று வேலை" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் கருத்து இரண்டுக்கும் நடுவில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் தவறே இல்லை. க்ளையன்டுக்குத் தெரியாமல் கொடுப்பதும், எழுத்து இல்லாமல் கொடுப்பதும்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. அதுவும் பெரும்பாலும் வேலை முடிந்து, பணம் வந்து, எல்லாரும் மறந்த பிறகு.

இந்தியச் சட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 40-வது பிரிவு. வேலையின் தன்மையைப் பார்த்தால் 'இவரேதான் செய்ய வேண்டும்' என்பது இரு தரப்பின் எண்ணமாக இருந்தது தெரிகிறதென்றால், ஒப்புக்கொண்டவர்தான் செய்ய வேண்டும். மற்ற வேலைகளைத் தகுதியுள்ள வேறொருவரை வைத்தும் முடிக்கலாம். சட்டமே இரண்டு உதாரணம் தருகிறது: பணம் தருவதாக வாக்களித்தவர் அதை இன்னொருவர் மூலம் தரலாம், ஓவியம் வரைந்து தருவதாக வாக்களித்தவர் தானே வரைய வேண்டும். இன்றைய வேலைகளை இந்த இரண்டு முனைகளுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். பிடிஎஃப்-ஐ எக்செல் ஆக்குவது, தயாரான டிசைனை எச்டிஎம்எல் ஆக்குவது, பொருள் பட்டியலை ஆன்லைன் கடையில் ஏற்றுவது எல்லாம் முதல் வகைக்கு அருகில். படம் வரைவது, குரல் கொடுப்பது, ஒருவரின் எழுத்து நடையைப் பார்த்து வாங்கும் விளம்பர வாசகம் எல்லாம் இரண்டாவது வகை.

நடுவில் நிற்பதுதான் பெரும்பகுதி. அங்கே உங்கள் புரபோசல்தான் சாட்சி. "என் 8 ஆண்டு அனுபவத்தில் நானே நேரடியாகச் செய்து தருவேன்" என்று எழுதி, உங்கள் பழைய வேலைகளைக் காட்டி, வீடியோ காலில் உங்கள் திறமையைச் சோதிக்கவிட்டு வாங்கிய வேலை என்றால், ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் அது உங்களுக்காகவே வந்த வேலை என்று க்ளையன்ட் வாதிட முடியும்.

மௌனம் பற்றி ஒரு வார்த்தை. அதே சட்டத்தின் 17-வது பிரிவின்படி, வெறுமனே சொல்லாமல் இருப்பது எல்லா நேரத்திலும் மோசடி ஆகிவிடாது. ஆனால் உண்மை இல்லாததை உண்மை என்று சொல்வதும், தெரிந்ததை முனைந்து மறைப்பதும் மோசடி. "நீங்களேதான் செய்கிறீர்களா?" என்று க்ளையன்ட் கேட்டு, நீங்கள் "ஆமாம்" என்று ஒரு மெயில் போட்டால் அந்த நிமிடமே கதை மாறிவிடுகிறது. வேலை செய்தவரின் பெயரை ஃபைலிலிருந்து அழித்துவிட்டு உங்கள் பெயரைப் போடுவதும் முனைந்து மறைப்பதாகவே பார்க்கப்படும். அப்படி வாங்கிய சம்மதத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத்தை க்ளையன்ட் ரத்து செய்யலாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இதில் ஒரே ஒரு சோதனை போதும்: இன்னார் செய்கிறார் என்று க்ளையன்டுக்குத் தெரிந்திருந்தால், இதே விலைக்கு, இதே ஆளிடம் கொடுத்திருப்பாரா? "கொடுத்திருக்க மாட்டார்" என்பது பதிலாக இருந்தால், அதைச் சொல்லாமல் வாங்கும் பணம் நியாயமான பணம் இல்லை. மணிக்கணக்கில் பில் போடும் வேலையில் இது இன்னும் கூர்மையாகிறது. உங்கள் மணிக்கூலியை வாங்கிக்கொண்டு, கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரின் மணிகளை அதே கூலியில் எழுதுவதை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். பிரித்துக் கொடுக்க வேண்டிய வேலையை மொத்தத் தொகைக்குப் பேசுங்கள். க்ளையன்ட் விளைவுக்குப் பணம் தருகிறார், நேரத்துக்கு இல்லை என்பது அப்போது இரு பக்கமும் தெளிவாக இருக்கும்.

அப்வொர்க் போன்ற, ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கும் தளங்களில் இன்னொரு சிக்கல். கணக்கை இன்னொருவரிடம் கொடுப்பது அங்கே விதிமீறல். துணைக்கு எடுத்தவருக்கு உங்கள் லாகின் கொடுத்து, அவர் திரை உங்கள் பெயரில் டிராக்கரில் (வேலை நேரத்தைக் கணக்கெடுக்கும் மென்பொருளில்) பதிவாவதுதான் கணக்கு முடங்குவதற்கு நேர்வழி. குழுவாக வேலை செய்கிறவர்களுக்கு ஏஜென்சி கணக்கு என்ற வழியை அந்தத் தளமே வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இனி ஒப்பந்தம். க்ளையன்ட் வெளிநாட்டுக்காரர் என்றால் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்று பாருங்கள். லண்டன் என்றோ நியூயார்க் என்றோ இருந்தால், மேலே சொன்ன 40-வது பிரிவைக் காட்டி வாதாட முடியாது. அந்த ஒப்பந்தத்தின் சொற்களே உங்களுக்கு எல்லாம். அடுத்து 'அசைன்மென்ட்', 'சப்கான்ட்ராக்டிங்' என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். இரண்டும் ஒன்றில்லை. அசைன்மென்ட் என்றால் ஒப்பந்தத்தையே இன்னொருவர் கைக்கு மாற்றிவிட்டு நீங்கள் விலகுவது. சப்கான்ட்ராக்ட் என்றால் பொறுப்பு உங்களிடமே இருக்க, வேலையை மட்டும் இன்னொருவர் செய்வது. ஒன்றுக்கு மட்டும் தடை போட்ட ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்த இடைவெளியில் நுழைந்து தப்பிக்கலாம் என்று எண்ணுவதைவிட ஒரு மெயில் எழுதிக் கேட்டுவிடுவது மலிவு.

பலர் கவனிக்கத் தவறும் இடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம், அதாவது என்.டி.ஏ. சப்கான்ட்ராக்ட் பற்றி மூல ஒப்பந்தம் வாயே திறக்காமல் இருக்கும். ஆனால் என்.டி.ஏ.வில் 'இந்தத் தகவலைப் பெறுபவரும் அவருடைய ஊழியர்களும் மட்டுமே பார்க்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் வேலை கொடுத்த நண்பர் உங்கள் ஊழியர் இல்லை. "கொஞ்சம் பார்த்து எவ்வளவு ஆகும்னு சொல்லு" என்று க்ளையன்டின் டிசைன் இருக்கும் ஃபிக்மா லிங்கை அவருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டீர்கள் என்றால், அவர் ஒரு வரி கோடு எழுதுவதற்கு முன்பே ஒப்பந்தம் மீறப்பட்டுவிட்டது. விலை கேட்பதற்கு க்ளையன்ட் பெயர், திரைப் படங்கள் எதுவும் தேவையில்லை. எத்தனை பக்கம், என்ன வசதி, எத்தனை நாள் என்று உங்கள் சொற்களில் எழுதி அனுப்பினால் போதும்.

அனுமதி கேட்கும் மெயில் நீளமாக இருக்க வேண்டாம். பொருள் இவ்வளவுதான்: "இந்த வேலையில் இன்ன பகுதியை என்னோடு வேலை செய்யும் ஒரு டெவலப்பர் செய்வார். உங்களோடு எனக்குள்ள அதே ரகசியக் காப்பு, உரிமை மாற்ற விதிகளில் அவரும் கையெழுத்திட்டிருப்பார். உங்கள் வாடிக்கையாளர் தகவல் எதையும் அவர் பார்க்கமாட்டார். தரத்துக்கும் கெடுவுக்கும் நானே பொறுப்பு. ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்." பதில் வரும்வரை காத்திருங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான க்ளையன்டுகள் இதற்குச் சரி என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு வேண்டியது கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பொறுப்பான ஓர் ஆள்.

இப்போது எல்லாவற்றிலும் ஆபத்தான இடத்துக்கு வருகிறேன்: எழுதியது யாருக்குச் சொந்தம்? ஒரு கடைக்கு பில்லிங் ஆப் செய்யும் வேலையை ஒரு லட்சத்துக்கு எடுத்து, அதன் கோடிங்கை 35,000 ரூபாய்க்கு ஒருவரிடம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். பேச்சு போனில். பணம் ஜிபேயில், "ஃபுல் அண்ட் ஃபைனல்" என்ற குறிப்போடு. அந்தக் கோடின் பதிப்புரிமை யாரிடம்? எழுதியவரிடம்தான். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவில், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் எழுதியது முதலாளிக்குப் போகும் என்கிறது. தனியாகக் கூலி பேசிச் செய்பவர் ஊழியர் இல்லை. பணம் முழுக்கக் கொடுத்துவிட்டதால் உரிமை தானாக வந்துவிடாது. 19-வது பிரிவு எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. ஆக, நீங்கள் க்ளையன்டுக்கு "எல்லா உரிமையும் உங்களுக்கே" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தது, உங்களிடம் இல்லாத ஒன்றை.

எழுதி வாங்கினாலும் எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். அதே 19-வது பிரிவில் சில பொறிகள் இருக்கின்றன. காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டுமே. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. க்ளையன்ட் டொரன்டோவில் இருந்தால் அவருக்கு அதனால் என்ன பயன்? ஒப்படைத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அதுவும் காலாவதியாகும். அதனால் காகிதத்தில் எந்த வேலை, எந்த உரிமைகள், எவ்வளவு தொகை என்பதோடு 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் திரும்பாது' என்ற வரிகளும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. தேதியும் கையெழுத்தும் இரு தரப்பிலும்.

அமெரிக்க க்ளையன்டின் ஒப்பந்தத்தில் 'வொர்க் மேட் ஃபார் ஹயர்' என்ற சொற்றொடர் வரும், அதாவது செய்த வேலை தொடக்கத்திலிருந்தே செய்யச் சொன்னவருக்குச் சொந்தம் என்று. அது உங்கள் கையெழுத்தின் கீழ் இருக்கிறது. துணைக்கு எடுத்தவரின் கையெழுத்து அதில் இல்லை. அவரை அது கட்டாது.

உரிமை கைமாறுவது எப்போது என்பதிலும் நியாயம் இருக்கிறது. முழுப் பணமும் கொடுத்த நாளில் மாறும் என்று எழுதுவதுதான் சரி. வேலை செய்தவருக்கு அது ஒரே பாதுகாப்பு. இன்னொன்று, 57-வது பிரிவு: உரிமையை விற்ற பிறகும் "இதைச் செய்தவன் நான்" என்று சொல்லும் தகுதி படைத்தவருக்கு உண்டு. அவர் தன் போர்ட்ஃபோலியோவில் இதைக் காட்டலாமா, எப்போதிலிருந்து, க்ளையன்ட் பெயரோடா பெயரில்லாமலா என்பதை முன்கூட்டியே பேசி எழுதிவிடுங்கள். அவர் செய்ததை உங்கள் போர்ட்ஃபோலியோவில் முழுக்க உங்களுடையதாகக் காட்டி அடுத்த வேலை பிடிப்பது அவருக்கும் அநியாயம், அடுத்த க்ளையன்டுக்கும் அநியாயம்.

வேலை கைக்கு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்? கோடு என்றால், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றைத் திறந்து யார் யார் பெயரில் கமிட், அதாவது பதிவு, இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாத மூன்றாவது பெயர் அங்கே இருந்தால், உங்களிடம் வாங்கியவர் இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறார். அந்த மூன்றாமவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடவில்லை. சேர்த்திருக்கும் லைப்ரரிகளின் (பிறர் எழுதிய தயார் கோடுகளின்) லைசென்ஸ் ஒவ்வொன்றையும் பாருங்கள். மூடிய மென்பொருளாக விற்கப் போகும் பொருளுக்குள் ஜிபிஎல் என்ற திறந்த மூல லைசென்ஸில் வந்த கோடு கலந்திருந்தால், அதை விநியோகிக்கும்போது மூலக் கோடையும் திறந்து கொடுக்க வேண்டிய நிலை வரும். வேர்ட்பிரஸ் வேலையில் பூட்டுடைத்த (பணம் கட்டாமல் எடுத்த) பிளகின் வந்து சேர்வது சாதாரணம். பிளகின் எந்தக் கணக்கில் வாங்கியது, லைசென்ஸ் சாவி எங்கே என்று கேளுங்கள். தர முடியாவிட்டால் அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். டிசைன் என்றால் எழுத்துருக்களின் பட்டியலும், படங்களை எங்கே எந்தக் கணக்கில் வாங்கினார் என்ற ரசீதும். மொழிபெயர்ப்பு என்றால் வேர்ட் ஃபைலின் பண்புகளில் ஆசிரியர் பெயர் யார் என்று பாருங்கள். மறைப்பதற்காகச் சொல்லவில்லை, க்ளையன்டிடம் சொன்ன பெயரும் ஃபைலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக.

டொமைன், ஹோஸ்டிங், பிளே ஸ்டோர் கணக்கு ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே க்ளையன்டின் சொந்த மெயிலில் இருக்கட்டும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று துணைக்கு வந்தவரின் மெயிலில் டொமைன் வாங்கி, இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கும் அறிவிப்பு யாரும் பார்க்காத இன்பாக்ஸுக்குப் போய், கடையின் முகவரியே காணாமல் போவது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து.

அணுகல் கொடுப்பதில் ஒரே விதி: உங்கள் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் என்றால் அவருக்குத் தனிப் பயனர், வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம். கோடு வைக்கும் கிட்ஹப் தளம் என்றால் அந்த வேலையின் ஒரு ரெப்போவுக்கு (கோடு தொகுப்புக்கு) மட்டும் அழைப்பு. டேட்டாபேஸ் தேவைப்பட்டால் உண்மையான பெயர், போன் எண், முகவரி எல்லாவற்றையும் போலித் தகவலால் மாற்றிய பிரதி. வேலை முடிந்த அன்றே அழைப்புகளை ரத்து செய்து, ஏபிஐ சாவிகளை மாற்றிவிடுங்கள். க்ளையன்டின் கோடையோ ஆவணத்தையோ ஏஐ சாட்பாட்டில் ஒட்டி வேலை வாங்கலாமா கூடாதா என்பதையும் இப்போது எழுத்தில் போட வேண்டியிருக்கிறது. க்ளையன்ட் கூடாது என்றிருந்தால் அந்தத் தடை கீழே வரை போக வேண்டும்.

ஐரோப்பிய க்ளையன்டின் வாடிக்கையாளர் தகவல் உங்கள் வழியாகப் போனால் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. அதன் 28-வது விதி: அவருக்காகத் தகவலைக் கையாளும் நீங்கள், அவருடைய முன் எழுத்து அனுமதி இல்லாமல் இன்னொருவரை உள்ளே கொண்டுவரக் கூடாது. அப்படிக் கொண்டுவருபவர் மீதும் அதே கடமைகளை ஒப்பந்தத்தால் சுமத்த வேண்டும். அவர் தவறினால் க்ளையன்டிடம் முழுப் பொறுப்பு உங்களுக்கு. இதற்கான அபராத உச்சவரம்பு ஒரு கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 2 சதவீதம், எது அதிகமோ அது. தனி ஆள் மீது அந்த உச்சம் விழும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் க்ளையன்ட் தனக்கு வந்த நஷ்டத்தை உங்களிடம் கேட்பார். இந்தியாவிலும் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. இதைத் தவிர, ஒப்பந்தத்தின் பேரில் கையில் கிடைத்த தனிநபர் தகவலை, நஷ்டம் விளைவிக்கும் எண்ணத்தோடோ விளையும் என்று தெரிந்தோ ஒப்பந்தத்தை மீறி வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்கிறது.

நஷ்டத்தைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். துணைக்கு எடுத்தவரிடம் "எல்லா நஷ்டத்துக்கும் நானே பொறுப்பு" என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு. 35,000 ரூபாய்க்கு வேலை செய்த ஒருவரிடமிருந்து 10 லட்சத்தை வசூலிக்க முடியாது. அந்த வரி அவரை மிரட்டுமே தவிர உங்களைக் காப்பாற்றாது. மேலே க்ளையன்டோடு போடும் ஒப்பந்தத்தில் உங்கள் பொறுப்புக்கு ஒரு வரம்பு, உதாரணமாக வாங்கிய மொத்தத் தொகைக்கு மேல் இல்லை, என்று பேசி வாங்குவதுதான் உருப்படியான காப்பு. அடுத்த காப்பு நேரம். க்ளையன்டுக்கு 15 நாள் என்றால் துணைக்கு வந்தவருக்கு 9 நாள் கெடு வையுங்கள். மூன்றாம் நாளில் ஒரு சிறு பகுதியை வாங்கிப் பாருங்கள். அந்த ஒரு பகுதியைப் பார்த்தாலே மீதி எப்படி வரும் என்று தெரிந்துவிடும். கைமீறிப் போனால் நீங்களே உட்கார்ந்து செய்ய ஆறு நாள் மிச்சம் இருக்கும்.

வரி விஷயத்தில் நிறைய பேர் இடறுவது வருமானவரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில். பட்டியலிட்ட தொழில்களில் இருப்பவர்கள் மொத்த வரவில் 50 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகம் இல்லாமல் போகலாம் என்ற வசதி அது. தனியாக வேலை செய்பவருக்கு அருமையான வசதி. வேலையைப் பிரித்துக் கொடுப்பவருக்குப் பல நேரம் நஷ்டம். வருட வரவு 40 லட்சம், துணைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தது 24 லட்சம், மற்ற செலவு 3 லட்சம் என்றால் கையில் நின்றது 13 லட்சம். 44ஏடிஏ-வில் போனால் 20 லட்சத்துக்கு வரி. 13 லட்சத்தைத்தான் காட்டுவேன் என்றால் கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் வேண்டும். 24 லட்சத்துக்கும் பில் வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை ஆடிட்டர் பில்லாக ஏற்க மாட்டார். முந்தைய ஆண்டின் தொழில் வரவு 50 லட்சத்தைத் தாண்டியிருந்தால் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே அதில் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் கடமையும் வந்துவிடும்: தொழில்முறைக் கட்டணத்துக்கு 194ஜே-யின் கீழ் 10 சதவீதம், ஓர் ஆண்டில் ஒருவருக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது. பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் கணக்கில் ஏறாது. இங்கே சொன்ன எண்கள் 1961 சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கும். ஆடிட்டரிடம் புதிய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி.யில் இரண்டு தவறான நம்பிக்கைகள். "கொடுத்தது போக என் பங்கு 16 லட்சம்தானே, பதிவுக்கான 20 லட்ச வரம்புக்குள் இருக்கிறேன்" என்பது ஒன்று. க்ளையன்டுக்கு முழு பில் போடுபவர் நீங்கள், ஆகவே முழு 40 லட்சமும் உங்கள் விற்றுமுதல். ஏற்றுமதி வரவும் அதில் சேரும். இன்னொன்று துணைக்கு வருபவருடையது: "கடைசி க்ளையன்ட் அமெரிக்கா, அதனால் என் பில்லும் ஏற்றுமதி". இல்லை. அவருடைய க்ளையன்ட் நீங்கள். நீங்கள் இருப்பது இந்தியாவில். அவர் பதிவு செய்தவர் என்றால் வரி போட்டுத்தான் பில் தர வேண்டும். அதை நீங்கள் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், அதாவது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம், அவர் தன் ரிட்டனை ஒழுங்காகத் தாக்கல் செய்தால். நடுவில் நிற்பதால் நம்மை இடைத்தரகர் என்று துறை சொல்லிவிடுமோ என்ற பயத்துக்கு 2021 செப்டம்பரில் வந்த 159-ம் எண் சுற்றறிக்கையில் பதில் இருக்கிறது: சொந்தப் பொறுப்பில் சேவையை எடுத்து, அதை சப்கான்ட்ராக்டில் கொடுத்துச் செய்விப்பது இடைத்தரகு ஆகாது.

வேலை வாங்கிச் செய்பவர்களுக்கும் ஒன்று. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் முடியும். வேலையைத் தொடங்கும் முன்பே செய்து வையுங்கள். 2006-ம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் பேசிய கெடு எதுவானாலும் வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. எழுத்தே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூடும் கூட்டுவட்டி. "க்ளையன்ட் எனக்குக் கொடுத்தால்தான் உனக்கு" என்ற பேச்சு இதன் முன் நிற்காது, நியாயத்தின் முன்னும் நிற்காது. க்ளையன்ட் பணம் தராமல் போகும் ஆபத்தை ஏற்பதற்காகத்தான் நடுவில் இருப்பவர் மார்ஜின் எடுக்கிறார். அதை எடுத்துக்கொண்டு ஆபத்தை மட்டும் கீழே தள்ளக் கூடாது. அந்தப் பயத்துக்கு மருந்து, க்ளையன்டிடம் 40 சதவீதம் அட்வான்ஸ் வாங்காமல் வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் இருப்பது.

ஏற்கெனவே சொல்லாமல் கொடுத்துவிட்ட வேலை பாதியில் நிற்கிறதென்றால்? முதலில் துணைக்கு வந்தவரிடம் உரிமை மாற்றக் காகிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். செய்து முடித்த பகுதிக்கும் அதை இப்போது எழுதலாம். அவர் மூலம் வேறு யாராவது செய்திருந்தால் அவரிடமும். பிறகு க்ளையன்டின் தகவல் அவரிடம் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, தேவையில்லாததை அழிக்கச் சொல்லி மெயிலில் உறுதி வாங்குங்கள். அதன் பிறகு, அடுத்த டெலிவரிக்கு முன்பு, க்ளையன்டிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எந்தப் பகுதி, யார், எந்தத் தேதியிலிருந்து, எதைப் பார்த்தார். க்ளையன்ட் சரி என்றால் அதை மெயிலில் வாங்கி வையுங்கள். முடியாது என்றால் வேலையைத் திரும்ப எடுத்து நீங்களே முடியுங்கள். அதுவரை செய்த வேலைக்குத் துணைக்கு வந்தவரின் பணத்தை முழுக்கக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் அவர் கோடில் ஒரு வரியைக்கூட உள்ளே விடக் கூடாது.